தெருவுக்கொரு விலை: வழிகாட்டி மதிப்பை எவ்வாறு வாசிப்பது?

சென்னை விரிந்து விழுங்கிக்கொண்டிருக்கும் செங்கல்பட்டு மாவட்டப் புறநகர் ஊர்களில் வீட்டுமனை வழக்குகளை நடத்தும்போது, நாங்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது பதிவுத்துறை இணையதளத்தில் தெருவாரியாக வெளியிடப்பட்டுள்ள வழிகாட்டி மதிப்பை. கிராமம் ஒன்று, சார்பதிவாளர் அலுவலகம் ஒன்று, பேருந்து நிறுத்தமும் ஒன்று. ஆயினும் ஊர்த்தெருவுக்கு ஒரு விலை, புதிய மனைப்பிரிவுக்கு வேறொரு விலை, காலனித் தெருவுக்கு இரண்டினும் குறைந்த விலை என்பதை அடிக்கடி காண்கிறோம். இடையில் இருப்பது பல இடங்களில் ஒரு சந்து மட்டுமே.

இந்த வேறுபாட்டைச் சாலையின் அகலம், சாக்கடை வசதி, நிலையத்திலிருந்து தொலைவு ஆகியவற்றால் மட்டும் விளக்கிவிடலாம் என்பார் பலர். அவையும் காரணங்களே. ஆனால் சுடுகாடும் குப்பைக்கிடங்கும் எந்தத் தெருவின் ஓரத்தில் வந்து சேர்ந்தன, தார்ச்சாலை எந்தத் தெருவோடு நின்றது என்று கேட்டால் விடை சாதியிடம் போய் நிற்கும். அதற்கும் மேல், இங்கே இயங்குவன இரண்டு சந்தைகள். காலனித் தெருவில் மனை வாங்கப் பிற சாதியினர் வருவதில்லை; ஊர்த்தெருவில் மனை வாங்கப் போகும் தலித் குடும்பத்துக்கு, ‘ஏற்கெனவே முன்பணம் வாங்கிவிட்டோம்’ என்ற பதிலே கிடைக்கிறது. வாங்குவோர் ஒரு சாராராகச் சுருக்கப்பட்ட இடத்தில் விலை ஏறாது. ‘பக்கத்தில் காலனி’ என்ற தரகரின் இரண்டு சொற்கள் அடுத்துள்ள மனைப்பிரிவின் விலையையும் இறக்கிவிடும். 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். பெயர் மாறும் தெருவின் விலை மாறுமா என்பது தனிக் கேள்வி.

மூன்றாவது காரணம் ஆவணத்தில் உள்ளது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் பின்னர் 1892இல் பிறந்த அரசாணையால் ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலங்களைப் பத்து ஆண்டுகள் எவருக்கும் விற்கக்கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம். ஆதிதிராவிடர் நலத்துறை வழங்கும் வீட்டுமனைப் பட்டாக்களிலும் விற்பனைக் கட்டுப்பாடுகள் உண்டு. நிலம் பறிபோகாமல் காப்பதற்கான இந்த நிபந்தனைகளை நாங்கள் முழுமையாக ஆதரிக்கிறோம். ஆனால் அவற்றின் விளைவாகக் காலனியில் பதிவான கிரயப் பத்திரங்கள் அரிதாகின்றன. பத்திரம் இல்லாத தெருவுக்கு அலுவலகம் பழைய மதிப்பையே நீட்டிக்கிறது.

பத்திரம் இருந்தாலும் நிலைமை பெரிதும் மாறுவதில்லை. முத்திரைத் தீர்வையைக் குறைக்க, உண்மை விலையை மறைத்து வழிகாட்டி மதிப்பையே கிரயத் தொகையாக எழுதுவது எல்லாத் தெருவிலும் உள்ள வழக்கம். அந்தப் பத்திரங்களே பிறகு அந்த மதிப்புக்குச் சான்றாகின்றன. திருத்தங்களும் இடைவெளியைத் தொடவில்லை. 2012இல் நிர்ணயித்த மதிப்புகள் 2017 ஜூன் 9 முதல் 33 விழுக்காடு குறைக்கப்பட்டன. 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கு உயர்த்தப்பட்டன. எல்லாத் தெருவுக்கும் ஒரே விகிதம் என்றால் தெருக்களுக்கு இடையிலான விகிதம் அப்படியே இருக்கும் என்பது எளிய கணக்கு. விதிகளின்படி குழுக்கள் வழியாகச் செய்யப்படவில்லை என்று 2023ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பின்னரே, 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள் நடைமுறைக்கு வந்தன.

விற்கப்போவதில்லை என்றால் விலை எதற்கு என்று கேட்போர் உண்டு. புறநகரில் சாலை விரிவாக்கம் எப்போதும் வாசலில் நிற்கிறது. உதாரணத்துக்கு, 800 சதுர அடி மனை. ஊர்த்தெருவில் சதுர அடிக்கு 2,000 ரூபாய், காலனியில் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 16,00,000, 9,60,000. நகர்ப்புறத்தில் இதனுடன் நூறு விழுக்காடு ஆறுதல் தொகை சேரும்போது 32,00,000, 19,20,000. வேறுபாடு 6,40,000 ரூபாயிலிருந்து 12,80,000 ரூபாயாக இரட்டிக்கிறது.

முன்பு, 1994இல் ஜவாஜி நாகநாதம் வழக்கில், முத்திரைத் தீர்வைக்கான மதிப்புப் பதிவேட்டை இழப்பீட்டுக்கு அடிப்படையாகக் கொள்ள இயலாது என்றது உச்ச நீதிமன்றம். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 26ஆம் பிரிவு நிலைமையை மாற்றியது. முத்திரைச் சட்டப்படியான மதிப்பு, அருகிலுள்ள அதே வகை நிலங்களின் மூன்றாண்டுக் கிரயங்களில் உயர்ந்த பாதியின் சராசரி ஆகியவற்றில் எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். தனியார் நிறுவனத்துக்கோ, அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கோ எடுப்பதானால் ஒப்புக்கொள்ளப்பட்ட தொகையும் இந்த ஒப்பீட்டில் சேரும். நம் மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது 26(3). பிற சட்டத்தால் நிலப் பரிமாற்றம் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்றாலோ, மூன்றாண்டுகளில் பதிவான கிரயங்கள் இல்லை என்றாலோ, உடனடியாக அடுத்துள்ள பகுதிகளின் அதே வகை நிலங்களைக் கொண்டு அரசு குறைந்தபட்ச விலையைக் குறிப்பிட வேண்டும். கையகப்படுத்தலைத் தொடங்கும் முன் சந்தை மதிப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் அங்கேயே உள்ளது. பஞ்சமி நிலமும் நிபந்தனைப் பட்டாவும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்பது எங்கள் வாதம். அதிகாரிகள் ஒப்பீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு காலனியைத் தேடுவர். சட்டம் கேட்பது நிலத்தின் வகையை. அதில் வாழ்வோரின் வகையை அன்று. காலனியை அடுத்துள்ள குடியிருப்பு நிலம் ஊர்த்தெருவே.

ஒப்பீடு செய்வோர் சில கவனங்களைக் கொள்க. புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, கிரயத் தொகையையும் அதில் காட்டப்படும் சந்தை மதிப்பையும் தனித்தனியே குறித்துக்கொள்க. அடுக்குமாடிக் குடியிருப்பின் பிரிக்கப்படாத பங்கை மனை விலையோடு சேர்க்கக் கூடாது. கட்டட மதிப்பைக் கழித்துவிட வேண்டும். ஒரே ஆண்டின், ஏறத்தாழ ஒரே பரப்பின், ஒரே சாலை அகலமுள்ள மனைகளை எடுத்தால், ‘வசதிக் குறைவு’ என்ற பதிலுக்கு இடமிராது. எஞ்சும் வேறுபாட்டைத்தான் ஆட்சேபணையில் எழுத வேண்டும்.

காலனியின் வழிகாட்டி மதிப்பை உயர்த்தக் கோருவதற்கு முன் அந்தத் தெருவினரோடு பேசிவிட வேண்டும். முத்திரைத் தீர்வை, மாற்று வரி, பதிவுக் கட்டணம் சேர்த்து 9 விழுக்காட்டை வாங்குபவரே செலுத்துகிறார். அங்கே வாங்குபவரும் நம்மவரே. 2025 ஏப்ரல் 1 முதல் பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகை உண்டு. மேற்சொன்ன மனையைப் பெண்ணொருவர் 9,60,000 ரூபாய்க்கு வாங்கினால் 76,800 ரூபாய் கட்டுவார். மதிப்பு 16,00,000 ஆனால் சலுகை போய் 1,44,000 ரூபாய். சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்ட தெருவில் உயர்வைக் கோருவதும், திட்டமில்லாத இடத்தில் பொறுத்திருந்து 26(3)ஐக் கையில் வைத்திருப்பதும் எங்கள் வழக்கம். வரைவு மதிப்புகள் வெளியாகும்போது ஆட்சேபணைகள் செல்ல வேண்டிய இடம், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மதிப்பீட்டுத் துணைக்குழு. இழப்பீட்டு ஆணை வந்துவிட்டால், ஆணை பிறப்பிக்கப்படும்போது நேரில் இருந்தவர் 64ஆம் பிரிவின்படி ஆறு வாரங்களுக்குள் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். பணம் பெறுவதானால் ‘எதிர்ப்புடன் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையொப்பமிடுக.