டவுன்ஹில் லாங்போர்டு: எந்த போர்டு யாருக்கு? வேகத்தில் ஆடாமல் இருக்க எப்படி செட் பண்ணுவது?

ஒரு பலகை, நாலு சக்கரம், ஒரு சரிவான சாலை. இன்ஜின் கிடையாது. பிரேக்கும் கிடையாது. இப்படி ஒரு பலகை மீது நின்றுகொண்டு, பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் கொனோலி 2017-ல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு மலைச்சாலையில் எட்டிய வேகம் மணிக்கு 146.73 கிலோமீட்டர்!

இந்த மாதிரி வீடியோக்களைப் பார்த்துவிட்டு போர்டு வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த போர்டு வேகமா போகும்?" என்பதுதான். உண்மையில் எல்லா போர்டும் வேகமாகப் போகும். சரிவு இருந்தால் போதும், அதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: நான் எந்த வேகம் வரை பத்திரமாக நிறுத்துவேன்? அந்த வேகத்தில் என் போர்டு ஆடாமல் இருக்குமா?

இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், போர்டு தேர்வு பாதி முடிந்த மாதிரிதான். மீதியை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டவுன்ஹில் போர்டில் அப்படி என்ன வித்தியாசம்?

பார்க்குகளில் குதித்து சாகசம் செய்யும் சாதாரண ஸ்கேட்போர்டுக்கு சின்ன, கடினமான வீல் இருக்கும். டவுன்ஹில் லாங்போர்டில் வீல் பெரிது, மென்மையானது. சாலையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும் என்பதுதான் காரணம். 1970-களின் தொடக்கத்தில் யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையில் வீல்கள் வந்த பிறகுதான் ஸ்கேட்போர்டில் இந்த அளவு வேகம் சாத்தியமானது.

வேகம் வந்ததும் ஆபத்தும் வந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சிக்னல் ஹில் என்ற இடத்தில் 1975 முதல் 1978 வரை சரிவில் வேகப் போட்டிகள் நடந்தன. மோசமான விபத்துகள் நடந்ததால் அது நிறுத்தப்பட்டது. இன்றைய டவுன்ஹில் போர்டின் ஒவ்வொரு பாகத்தையும் தேர்ந்தெடுக்கும்போது, வேகத்தில் தடுமாறாமல் இருப்பதுதான் முதல் கணக்கு.

டெக்: கால் நிற்கும் பலகை

டெக் வாங்கும்போது நாலு விஷயம் பாருங்க.

முதலாவது, விறைப்பு. நின்றதும் வளைந்து துள்ளும் பலகை, கடற்கரைச் சாலையில் ஜாலியாகப் போக நல்லது. சரிவுக்கு ஆகாது. டவுன்ஹில் டெக் மேப்பிள் மர அடுக்குகளாலோ, அதோடு ஃபைபர், கார்பன் சேர்த்தோ வளையாதபடி செய்யப்பட்டிருக்கும்.

இரண்டாவது, ட்ரக் பொருத்தும் விதம். பலகைக்கு அடியில் ட்ரக் பொருத்தினால் அது டாப் மவுன்ட். பலகையில் துளை போட்டு அதன் வழியாகப் பொருத்தினால் டிராப் த்ரூ. டிராப் த்ரூ தரைக்கு நெருக்கமாக இருக்கும். காலால் தள்ளுவதும், காலைத் தரையில் தேய்த்து பிரேக் போடுவதும் சுலபம். டாப் மவுன்டில் கால் அழுத்தத்துக்கு போர்டு உடனே பதில் சொல்லும், வளைவில் பிடிப்பும் அதிகம். அதனால்தான் போட்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் டாப் மவுன்ட் எடுக்கிறார்கள்.

மூன்றாவது, வீல்பேஸ். அதாவது முன் ட்ரக்குக்கும் பின் ட்ரக்குக்கும் நடுவே உள்ள தூரம். இது நீளமாக இருந்தால் போர்டு மெதுவாகத் திரும்பும், பதற்றம் குறைவு. குறைவாக இருந்தால் சட்டென்று திரும்பும். டவுன்ஹில்லில் பொதுவாக 50 முதல் 65 சென்டிமீட்டர் வரை பார்க்கலாம். உங்கள் கால்கள் இயல்பாக அகலும் தூரத்துக்கு இது ஒத்துவர வேண்டும்.

நான்காவது, பலகையின் குழிவு. ஓரங்கள் லேசாக உயர்ந்திருந்தால், கண்ணால் பார்க்காமலே கால் எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியும். ரொம்ப ஆழமான குழிவு வேண்டாம். அரை மணி நேரத்தில் பாதம் வலிக்கும்.

ட்ரக்: போர்டின் ஸ்டீயரிங்

காருக்கு ஸ்டீயரிங் மாதிரி, போர்டுக்கு ட்ரக். நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தச் சாய்வைத் திருப்பமாக மாற்றுவது இதுதான். லாங்போர்டில் பயன்படுவது ரிவர்ஸ் கிங்பின் வகை. சாதாரண ஸ்கேட்போர்டு ட்ரக்கை விட இது சீராகத் திரும்பும்.

இதில் கவனிக்க வேண்டிய எண், பேஸ்பிளேட் கோணம். கோணம் அதிகமானால், கொஞ்சம் சாய்ந்தாலே நிறைய திரும்பும். கோணம் குறைந்தால், நிறைய சாய்ந்தாலும் கொஞ்சமாகத்தான் திரும்பும். 50 டிகிரி குறைந்த வேகத்தில் பழகுவதற்கு நல்லது. வேகம் கூடும்போது 44, 45 டிகிரி நிம்மதியாக இருக்கும்.

அனுபவசாலிகள் முன்னால் ஒரு கோணம், பின்னால் அதைவிடக் குறைந்த கோணம் வைப்பார்கள். உதாரணமாக முன்னால் 50, பின்னால் 30 அல்லது அதற்கும் கீழே. முன்பக்கம் திரும்பும், பின்பக்கம் பேசாமல் பின்தொடரும். காரில் முன்சக்கரம் மட்டும் திரும்புவதை நினைத்துப் பாருங்கள், அதே யோசனைதான்.

ஹேங்கர் எனப்படும் குறுக்குத் தண்டின் அகலம் புதியவர்களுக்கு 180 மில்லிமீட்டர் போதும். போட்டியாளர்கள் இதைவிடக் குறுகலானதை விரும்புகிறார்கள்.

புஷிங்: சின்னப் பொருள், பெரிய வித்தியாசம்

பைக் மெக்கானிக் கடையில் "புஷ் போயிடுச்சு சார்" என்பார்களே, கிட்டத்தட்ட அதே சமாச்சாரம்தான். ட்ரக்கின் நடுவில் கிங்பின் போல்ட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் இரண்டு சின்ன யூரித்தேன் வளையங்கள்தான் புஷிங். நீங்கள் சாயும்போது அவை நசுங்கும், நிமிரும்போது போர்டைப் பழைய நிலைக்குத் தள்ளும்.

புது போர்டோடு வரும் புஷிங் உங்கள் எடைக்காகச் செய்தது இல்லை. இதை மாற்றுவதுதான் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் மாற்றம். கடினத்தை 'ஏ' அளவுகோலில் சொல்வார்கள். எண் கூடினால் கடினம் கூடும். தொடங்குவதற்கு ஒரு தோராயக் கணக்கு:

* 60 கிலோவுக்குக் கீழே: 80 முதல் 85 ஏ
* 60 முதல் 75 கிலோ: 85 முதல் 88 ஏ
* 75 முதல் 90 கிலோ: 88 முதல் 92 ஏ
* 90 கிலோவுக்கு மேலே: 90 முதல் 95 ஏ

வடிவத்தில் பேரல் என்ற உருளை வகையும், கோன் என்ற கூம்பு வகையும் உண்டு. கோன் சுலபமாகத் திரும்பும். டவுன்ஹில்லுக்கு மேலும் கீழும் பேரல் வைப்பதே பாதுகாப்பான தொடக்கம்.

பலர் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. போர்டு ஆடுகிறது என்றதும் கிங்பின் நட்டை இறுக்கிக்கொண்டே போவார்கள். அப்படிச் செய்தால் புஷிங் பிதுங்கும், நடுவில் விறைப்பாகவும் ஓரத்தில் திடீரென்றும் திரும்பும். வாஷர் கையால் சுற்ற முடியாத அளவுக்குப் பிடித்த பிறகு, ஒரு சுற்று, அதிகம் போனால் ஒன்றரைச் சுற்று. அதற்கு மேல் இறுக்கத் தோன்றினால், கடினமான புஷிங் வாங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வீலும் பேரிங்கும்

டவுன்ஹில் வீல் பொதுவாக 65 முதல் 75 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கும். கடினம் 76 முதல் 82 ஏ வரை. ஆனால் எண்ணை விட முக்கியம், ஓரத்தின் வடிவம்.

ஓரம் கூர்மையாகவும் தரையில் படும் பகுதி அகலமாகவும் இருந்தால், அது பிடிப்புக்கான ரேஸ் வீல். ஓரம் உருண்டு, படும் பகுதி குறுகலாக இருந்தால், சறுக்குவதற்கான ஃப்ரீரைடு வீல். "பிடிப்பு அதிகம் என்றால் பாதுகாப்பு அதிகம்தானே?" என்று கேட்கலாம். புதியவர்களுக்கு நேர் எதிர். வேகத்தைக் குறைக்க வீலைச் சறுக்கவைத்தே ஆக வேண்டும். ரேஸ் வீல் சறுக்க மறுத்து, திடீரென்று பிடித்துத் தூக்கிப் போடும். எனவே 70 மில்லிமீட்டர், 78 முதல் 80 ஏ, உருண்ட ஓரம் என்று தொடங்குங்கள்.

பேரிங் விஷயத்தில் விளம்பர எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். எல்லாமே 608 அளவுதான். வேகத்தைத் தருவது சரிவு, பேரிங் இல்லை. இரண்டு பேரிங்குக்கு நடுவில் ஸ்பேசர் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சறுக்கும்போது பேரிங் மீது பக்கவாட்டில் சுமை விழும்.

போர்டு ஏன் திடீரென்று ஆடுகிறது?

டவுன்ஹில்லில் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். வேகமாகப் போகும்போது போர்டு இடது, வலது என்று நடுங்கத் தொடங்கும். ஒரு பக்கச் சாய்வைச் சரிசெய்ய உடம்பு எதிர்ப்பக்கம் போகும்; அது அளவுக்கு மீறும்; திரும்ப அடுத்த பக்கம். சில நொடிகளில் ஆள் கீழே.

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, பயத்தில் எடையைப் பின்காலுக்கு மாற்றுவது. அப்போது பின் ட்ரக் போர்டை ஓட்டத் தொடங்கும். இரண்டாவது, எடைக்குப் பொருந்தாத மென்மையான புஷிங்.

தீர்வையும் இதே வரிசையில் பாருங்கள். எடையில் மூன்றில் இரண்டு பங்கு முன்காலில் இருக்கட்டும். முழங்கால் மடங்கியிருக்கட்டும், உடம்பு இறுகக் கூடாது. அப்படியும் ஆடினால் பின்பக்க புஷிங்கை ஒரு படி கடினமாக்குங்கள். அப்போதும் நிற்கவில்லையா? பின்பக்கக் கோணத்தைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்தான். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

யாருக்கு எந்த செட்டிங்?

இப்போதுதான் பழகுகிறேன்: டிராப் த்ரூ அல்லது அகலமான டாப் மவுன்ட், 180 மில்லிமீட்டர் ட்ரக், இரண்டு பக்கமும் ஒரே கோணம், எடைக்கேற்ற பேரல் புஷிங், உருண்ட ஓர வீல்.

சறுக்கி விளையாடப் பிடிக்கும்: விறைப்பான டாப் மவுன்ட், 44 முதல் 50 டிகிரி, கொஞ்சம் தளர்வான செட்டிங், ஃப்ரீரைடு வீல்.

வேகமும் போட்டியும்தான் இலக்கு: பாதத்துக்குப் பொருந்தும் டாப் மவுன்ட், முன்னும் பின்னும் வேறு வேறு கோணம், துல்லியமாகக் கடைந்த ட்ரக், ரேஸ் வீல். ஆனால் கையை ஊன்றி சறுக்கி நிறுத்துவது இரண்டு பக்கமும் கைவந்த பிறகே இதற்கு வாருங்கள்.

பிரேக் இல்லாத போர்டை எப்படி நிறுத்துவது?

மூன்று வழி. குறைந்த வேகத்தில் பின்காலைத் தரையில் தேய்ப்பது ஃபுட் பிரேக். நல்ல வேகத்தில் நிமிர்ந்து கைகளை விரித்துக் காற்றைத் தடுப்பது ஏர் பிரேக். உண்மையான பிரேக், போர்டைக் குறுக்கே திருப்பி வீலைச் சறுக்கவைக்கும் ஸ்லைடு. இதற்குக் கையுறையில் கெட்டியான பிளாஸ்டிக் வில்லை வேண்டும், அதை ஊன்றித்தான் சறுக்குவார்கள்.

ஒரு கணக்கை மறக்காதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 20 கிலோமீட்டர் வேகத்தில் 5 மீட்டரில் நின்றீர்கள் என்றால், அதே பிரேக்கில் 40-ல் நிற்க சுமார் 20 மீட்டர் வேண்டும்.

ஹெல்மெட் முதல் செலவு

பட்ஜெட் குறைவு என்றால் போர்டில் குறையுங்கள், கவசத்தில் குறைக்காதீர்கள். சரிவில் முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட், ஸ்லைடு கையுறை, முழங்கால் கவசம் அவசியம். போட்டி வேகத்துக்கு லெதர் சூட்டும் வேண்டும்.

நம்ம ஊர் மலைப்பாதையில் ஓட்டலாமா?

70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் எதிரே பஸ் வரும், லாரி வரும், வளைவில் மணலும் சரளையும் கிடக்கும். வெளிநாட்டுப் போட்டி வீடியோக்களில் நீங்கள் பார்ப்பது வண்டிகளைத் தடுத்து மூடிய சாலை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் உள்ள மேரிஹில் லூப்ஸ் சாலை, வாகனங்கள் ஓடாத பழைய சாலை. அதனால்தான் அங்கே போட்டி நடத்த முடிகிறது. நீங்கள் காலியான பார்க்கிங் இடத்திலோ, அனுமதி வாங்கிய வளாகச் சாலையிலோ, முடிவில் சமதளம் உள்ள லேசான சரிவிலோ பழகுங்கள்.

கிளம்பும் முன் 2 நிமிட செக்

* நாலு வீல் நட்டும் இறுகியிருக்கிறதா? வீல் தடையில்லாமல் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது.
* கிங்பின் நட்டும், பலகையில் ட்ரக்கைப் பிடிக்கும் போல்ட்டுகளும் சரியாக இருக்கின்றனவா?
* போர்டு மேல் ஏறி இரண்டு பக்கமும் முழுதாகச் சாயுங்கள். வீல் பலகையைத் தொடுகிறதா? தொட்டால் ஓட்டாதீர்கள். ஓடும்போது தொட்டால் வீல் அப்படியே நின்று, நீங்கள் முன்னால் பறப்பீர்கள். ட்ரக்குக்கு அடியில் ரைசர் வைப்பது, சின்ன வீல் அல்லது கடினமான புஷிங் போடுவது தீர்வு.
* புஷிங்கில் வெடிப்பு இருக்கிறதா?
* சரிவை முதலில் நடந்து பாருங்கள். எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று முடிவு செய்த பிறகு ஏறுங்கள்.

அந்த இடத்தில் நிற்க முடியாது என்று தோன்றினால், இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, அங்கிருந்து தொடங்குங்கள்.