அறுவை அரங்கின் வசைமொழி

மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி 1963இல் எழுதிய ஃபூக்கோ, மருத்துவரின் பார்வையைப் பற்றி நிறையப் பேசினார். வாயைப் பற்றி யாராவது எழுதவேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஓர் எண்ணம். ஆபரேஷன் தியேட்டரில் திட்டு வாங்கியவர்களிடம் கேட்டால், ‘உயிர் விஷயமில்லையா, டென்ஷன், இதெல்லாம் சகஜம்ப்பா’ என்பார்கள். வசையை ஒருவரது சுபாவமாக இயற்கைப்படுத்தி, அதன் பின்னுள்ள அமைப்பை மறைத்துவிடுகிற சொல்லாடல் இது.

பால்டிமோரில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் உருவாக்கிய பயிற்சிமுறை ஒரு பிரமிடு. அடியில் பலர், உச்சியில் ஒருவர். எத்தனை வருஷம் என்ற கணக்கில்லை. மேலே போவது பேராசிரியரின் தயவு. (ஹால்ஸ்டெட்டின் ஆயுதம் கூச்சல் அல்ல, குத்தல் பேச்சு.)

இதில் மேலேற இடம் மறுக்கப்பட்டு நாஷ்வில்லுக்குப் போனவர் ஆல்ஃபிரட் பிளாலக். 1930இல் அங்கே அவரது சோதனைக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார் விவியன் தாமஸ்: பத்தொன்பது வயது, கறுப்பர், தச்சுவேலை தெரிந்தவர். ஒரு சோதனையில் தவறு நேர, பிளாலக் கெட்ட வார்த்தைகளாகக் கொட்டித் தீர்த்தார். தாமஸ் அவர் ஆறும்வரை காத்திருந்து, நேரே போய்ச் சொன்னார்: தப்பு நேரும்போதெல்லாம் இப்படித்தான் என்றால் எனக்கு இந்த வேலை சரிப்படாது. பிளாலக் மன்னிப்புக் கேட்டார்; இனி அப்படிப் பேசுவதில்லை என்றார். பேசவும் இல்லை என்கிறது 1985இல் வெளிவந்த தாமஸின் சுயசரிதை.

இதைத் தனிமனித வீரமாக மட்டும் வாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிரமிடில் ஏறவே அனுமதிக்கப்படாதவரிடமிருந்து அது பறிக்க ஏதுமில்லை. வேலை போனால் அந்தப் பொருளாதார மந்தத்தில் பட்டினிதான். அது வேறு பயம். உச்சியைக் கண்ணில் வைத்திருந்த வெள்ளைப் பயிற்சி மருத்துவர்கள் அப்படிப் பேசுவது கஷ்டம். தாமஸுக்கும் முழு மரியாதை கிடைத்ததா என்ன? பேச்சில் வசை நின்றது. சம்பளப் பதிவேட்டில் அவர் துப்புரவுப் பணியாளராகவே இருந்தார். 1944 நவம்பர் 29 அன்று ஹாப்கின்ஸில் ‘நீலக் குழந்தை’யின் இதய அறுவை நடந்தபோது, பிளாலக்கின் தோளுக்குப் பின்னால் ஸ்டூலில் நின்று வழிசொன்னவர் தாமஸ்தான்.

2015இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரி விசாரித்தபோது, பதிலளித்தவர்களில் 49 சதவீதம் பேர் பாகுபாடு, மிரட்டல், பாலியல் தொல்லை ஆகியவற்றில் ஏதோ ஒன்றை அனுபவித்ததாகச் சொன்னார்கள். கல்லூரி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. இத்தனை பேர் ஏன் வாய்திறக்கவில்லை என்பதற்குக் கிடைத்த பதில் ரொம்பப் பழையது: புகார் சொன்னால் மேலே போகமுடியாது.