இழையெண்ணித் தைத்தவர்கள்

ஜூஜுவாடி என்ற பெயர் லாரி ஓட்டுநர்களுக்குத் தெரிந்த அளவுக்கு இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்திராது. ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் அது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம் தொடங்கிவிடும். சிப்காட் தொழிற்சாலைகளின் ஷிப்டு பேருந்துகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் நடுவே இந்த வட்டாரத்தில் கண்ணில் படுகிற பலகைகளில் ஒன்று தையல் வகுப்பினுடையது. தமிழ்க் கடைக்காரர் 'ஆரி ஒர்க்' என்று எழுதுவதைத் தெலுங்குக்காரர் 'மக்கம் ஒர்க்' என்று எழுதுவார். இரண்டும் ஒன்றுதான். ஒன்று கருவியின் பெயர், மற்றது சட்டத்தின் பெயர். தெலுங்கில் மக்கம் என்றால் தறி. துணியை இழுத்துக் கட்டிய மரச்சட்டம் தறியைப் போலிருப்பதால் வேலைக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. ஆரி என்பது செருப்புத் தைப்பவரின் குத்தூசி. கட்ச் பகுதியின் மோச்சிகள் தோலில் பழகிய கொக்கி ஊசியைப் பட்டுக்குக் கொண்டுவந்து அரண்மனைகளுக்குச் சங்கிலித் தையல் போட்டார்கள். கீழைநாடுகளின் இந்தக் கொக்கி வேலை பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சுக்குப் போய் 'தம்பூர்' என்று பெயர் பெற்றது. துணி கட்டிய வட்டச்சட்டம் முரசைப் போலிருந்ததே காரணம். 1770இல் பாரிசில் வெளியான செயின்ட்-ஓபேனின் எம்பிராய்டரி நூல் அதைப் புதிய முறையாகவே விவரிக்கிறது. ஒரு மணப்பெண்ணின் ரவிக்கைக் கைக்குப் பின்னால் இவ்வளவு பயணம் இருக்கிறது.

ஆனால் நான் எழுத விரும்புவது ஆரியைப் பற்றியல்ல. இதே சாலையில் அதற்கு முன்பே நடந்துபோன வேறொரு ஊசியைப் பற்றி.

1791ஆம் ஆண்டு. மார்ச்சில் பெங்களூரைப் பிடித்த கார்ன்வாலிஸ், மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை சென்று, போரில் தோற்காமலே திரும்ப நேர்ந்தது. தானியமில்லை, இழுவை மாடுகள் செத்து விழுந்தன, முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அந்தப் படை மீண்டும் எழுந்ததற்குப் பெரிய காரணம், பொதிமாடுகளில் தானியம் சுமந்து வந்த 'பிரிஞ்சாரி'கள். நாம் லம்பாடிகள் என்கிறோம். கன்னடத்தில் லம்பாணி, ஆந்திரத்தில் சுகாலி, வடக்கே பஞ்சாரா. அவர்களைத் திரட்டியவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். ஜூலையில் ஓசூர்க் கோட்டை கும்பினியார் வசமானது. 1792 உடன்படிக்கையில் பாராமகால் கைமாறியபோது அதை நிர்வகிக்க வந்தவரும் இதே ரீட்தான். பாராமகாலின் வருவாய் வரலாறு மன்றோவின் பெயரால் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. மாட்டோடு நடந்தவர்களுக்கு அதில் கிடைத்த இடம் சில வரிகள்.

அந்த மாடுகளின் பின்னால் பெண்களும் நடந்தார்கள். அவர்களின் பேட்டியா (பாவாடை), காஞ்சளி (முதுகு திறந்த ரவிக்கை), முக்காட்டுத் துணி மூன்றிலும் கண்ணாடிச் சில்லும் சோழியும் காசும் நூல்வேலையும் நிறைந்திருந்தன. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளில் லம்பாடிகளைப் பற்றிய பகுதியும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் மினுக்கத்தைத்தான் பார்த்தார்கள். தையலை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எண்ணுவதுதான் இந்தக் கலையின் அடிப்படை. லம்பாடித் தையலில் பெரும்பகுதிக்குக் கோடு வரைந்து கொள்வதில்லை. துணியின் ஊடும் பாவும்தான் கட்டக்காகிதம். மூன்று இழை விட்டு ஊசியை இறக்கு, இரண்டு இழை தள்ளி ஏற்று என்று கணக்கு ஓடும். கணக்கு ஓரிடத்தில் பிசகினால் வரிசையின் கடைசியில் கோணல் தெரியும். அங்கிருந்து பிரித்துக்கொண்டே வரவேண்டும். கண்ணாடி பதிப்பது வேறு வகை. சில்லில் துளை கிடையாது. முதலில் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நான்கு நூல்களை இழுத்துக் கட்டி ஒரு சிறு கூண்டு செய்கிறார்கள். பிறகு அந்தக் கூண்டின் நூலையும் அடித்துணியையும் மாறிமாறிப் பிடித்துச் சுற்றிலும் கண்ணித் தையல் போட்டு இறுக்க, கூண்டு விலகி விளிம்புக்குப் போய்விடும். நடுவில் கண்ணாடி மட்டும் நிற்கும். சொல்லிக் கேட்டால் விளங்காது. ஒருவர் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும், அதுவும் வலப்பக்கத்தையும் மறுபக்கத்தையும் மாற்றி மாற்றி.

எழுத்தில்லாத மொழி பேசும் சமூகம். திருமணத்துக்கு முன்பே பெண் தன் உடையையும் பைகளையும் மாட்டுக்கான அலங்காரத் துணியையும் தைத்துவைக்க வேண்டும் என்ற வழக்கமே பள்ளிக்கூடமாக இருந்தது. அந்த வழக்கம் நின்றால் பள்ளியும் மூடப்படும்.

அப்படித்தான் ஆயிற்று. வண்டிச்சாலையும் இரயிலும் பொதிமாட்டை வேலையிழக்கச் செய்தன. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் அலைந்து திரிந்தவர்களையெல்லாம் சந்தேகத்துக்கு உரியவர்களாக்கியது. பஞ்சாராக் குழுக்கள் சிலவும் அதில் சிக்கின. தண்டாக்களில் நிலைகொண்டு கூலிகளான பிறகு, சந்தையிலும் வயலிலும் தம்மைத் தனித்துக் காட்டும் உடையைப் பெண்கள் கைவிட்டுப் புடைவைக்கு மாறினார்கள். இதை வெறும் 'நாகரிக மோகம்' என்று எழுதுகிறவர்கள் அந்தப் பாவாடையோடு ஒரு நாள் பேருந்தில் போய்ப் பார்க்கவேண்டும். இன்னொரு காரணம் யார் கண்ணிலும் படாதது: மில் துணி. நெருக்கமான நெசவில் இழை கண்ணுக்குத் தட்டாது. எண்ணித் தைக்க முரட்டுக் கைத்தறி வேண்டும். துணி மாறியதும் கணக்குக்கு இடமில்லாமல் போயிற்று.

பழைய தருமபுரி மாவட்டம் 2004இல் பிரிந்து, ஓசூரும் ஜூஜுவாடியும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போயின. தருமபுரியோடு தங்கிய பகுதியில், அரூருக்கு அப்பால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்லிங்கி பள்ளத்தாக்கு. 1993 முதல் அங்கே மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் பழங்குடி மக்களுக்கான மருத்துவமனையை நடத்திவருகிறார்கள். அங்குள்ள லம்பாடித் தண்டாக்களில் தைக்கத் தெரிந்த முதிய பெண்கள் மிகச் சிலரே எஞ்சியிருந்தார்கள். ஏறத்தாழ இரண்டு தலைமுறைப் பெண்கள் ஊசியையே இப்படிப் பிடித்ததில்லை. பிழைப்புக்காகத் திருப்பூர் போனவர்கள் உண்டு. பூத்தையலைத் தாய்வழிச் சீதனமாகக் கொண்ட வீட்டிலிருந்து போனவர்கள் பின்னலாடை ஆலையில் மிஷின் முன் உட்கார்ந்தார்கள்.

2006இல் அங்கே தொடங்கப்பட்ட அமைப்புக்குப் 'போர்கை' என்று பெயர். லம்பாடி மொழியில் பெருமிதம் என்று பொருள். முதியவர்களின் கை, பெட்டியடியில் கிடந்த பழந்துணி, இந்த இரண்டும்தான் பாடநூல். பழந்துணியிலிருந்து கற்பதென்றால் அதைத் திருப்பிப் போடவேண்டும். முன்பக்கம் அழகைத்தான் காட்டும். நூல் எங்கே தொடங்கிற்று, எந்தக் கண்ணியிலிருந்து எதற்குத் தாவிற்று என்பதைப் பின்பக்கம்தான் சொல்லும். ஓர் அடி பிரித்து, எண்ணி, மறுபடி தைத்துப் பார்க்கிற வேலை. கல்வெட்டு வாசிக்கிறவர்களின் பொறுமைக்கு இது குறைந்ததல்ல என்பேன்.

இதை 'மீட்டெடுப்பு' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல்லில் முழுச் சம்மதமில்லை. பாட்டி தைத்தது தான் உடுத்த. பேத்தி தைப்பது பிறர் வீட்டுத் திண்டுறைக்கும் குர்த்தாவுக்கும். பாட்டிக்கு நாள் கணக்கு கிடையாது. பேத்திக்கு ஆர்டரும் தேதியும் கூலியும் உண்டு. தையல் அதுவே, கற்கும் காரணம் புதியது. அது குறையென்று நான் சொல்லவில்லை. ஊரைவிட்டுப் போகாமல் உட்கார்ந்து சம்பாதிக்க முடிகிறது என்பது சிறிய விஷயமா?

எல்லைக்கு அப்பால் கதை சற்று முன்னதாகவே தொடங்கியது. பெல்லாரி மாவட்டத்துச் சண்டூரில் 1984இல் ஏற்பட்ட குசல கலா கேந்திரம் லம்பாணிப் பெண்களை ஒருங்கிணைத்தது. அங்கே பதினான்கு தையல்களுக்குப் பெயர் சொல்கிறார்கள்: கிலன், வேலே, பக்யா, மாக்கி, சூரியகாந்தி மாக்கி என்று போகிறது பட்டியல். அமெரிக்காவிலிருந்து வந்த பூவின் கன்னடப் பெயர் லம்பாணி ஊசியில் வந்து அமர்ந்திருப்பதைப் பாருங்கள். சண்டூர்த் தையல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. 2023 ஜூலையில் ஹம்பியில் ஜி20 கூட்டத்தையொட்டி நானூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களின் 1,755 லம்பாணிப் பொருள்களைப் பரப்பிக் கின்னஸ் சாதனையும் படைத்தார்கள். சாதனைகளில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் ஒரு தையலுக்குப் பெயர் இருப்பது கற்பிப்பதற்குப் பெரிய வசதி. பெயரிருந்தால் கேட்கலாம், திருத்தலாம்.

எல்லைக்கோடு இவர்களை வேறு விதத்திலும் பிரிக்கிறது. ஒரே மொழி பேசும் உறவுமுறையினர், கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர், ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பட்டியல் பழங்குடியினர், தமிழ்நாட்டில் இரண்டுமில்லை. அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிற சலுகை, சில கிலோமீட்டர் இப்பால் ஜூஜுவாடியில் இல்லை. கைவினைக்கான பரிசும் பாராட்டும் கிடைத்தாலும் பிள்ளைகளின் கல்விக்கான சான்றிதழ் வேறு அலுவலகத்து விவகாரம்.

இதற்கிடையே பழந்துணிகள் குறைந்துகொண்டே வருகின்றன. நைந்த பேட்டியாக்களை வியாபாரிகள் தண்டாக்களில் வாங்கி, நல்ல பகுதிகளை வெட்டிப் பைகளாகவும் சுவர்த்தொங்கல்களாகவும் ஒட்டுப்போட்டு, கோவாவின் அஞ்ஜுனா போன்ற சந்தைகளுக்கு அனுப்புகிறார்கள். ஒட்டுப்போடும்போது பின்பக்கத்தை மூடி அடித்துணி வைத்துத் தைத்துவிடுகிறார்கள்.