ஆபரேஷன்: மைண்ட்கிரைம் – கடத்தப்பட்ட கோபம்

1988 மே மாதம், ரேகன் ஆட்சி முடியும் தறுவாயில், சியாட்டில் பக்கத்து இசைக்குழுவான குவீன்ஸ்ரைக் இந்த ஆல்பத்தை வெளியிட்டது. முழு ஆல்பமும் ஒரே கதை.

ஊழலைக் கண்டு கொதிக்கும் நிக்கி, போதைக்கு அடிமை. புரட்சி என்று சொல்லி அவனைக் கொலையாளியாக்குகிறான் டாக்டர் எக்ஸ். தொலைபேசியில் 'மைண்ட்கிரைம்' என்றால் போதும், சொன்னதைச் செய்வான். கன்னியாஸ்திரி மேரியைக் கொல்லச் சொன்னபோதுதான் மறுக்கிறான். பிறகு அவள் பிணமாகக் கிடக்கிறாள். கொன்றது யார்? ஆல்பம் சொல்வதில்லை.

பத்து நிமிடத்தைத் தாண்டும் 'ஸ்வீட் சிஸ்டர் மேரி' பாடலில் மேரியாகப் பாடியவர் பமேலா மூர். ஆர்க்கெஸ்ட்ரா அமைப்பு மைக்கேல் கேமன்.

விற்பனை மெல்லத்தான் ஏறியது. அமெரிக்காவில் பிளாட்டினம் கிடைத்தது 1991-ல்.

நிக்கியின் கோபம் நியாயமானது. அவனை ஏமாற்ற அதுவே போதுமானதாக இருந்தது. இந்த ஆல்பம் பழசாகாததற்குக் காரணம் அதுதான்.