கோபம் எவர்மேல் விழுந்தது?

வங்கிகளையும் பெருமுதலாளிகளையும் எதிர்த்து எழும் கிளர்ச்சி எதுவாயினும் அதை வாழ்த்தி வரவேற்பதே முற்போக்கு என நம் நண்பர் பலர் கருதுகின்றனர். நமக்கு அந்த நம்பிக்கை முழுமையாக இல்லை. கிளர்ச்சியின் மீதுள்ள வெறுப்பு இதற்குக் காரணமன்று. இந்நாட்டு வரலாறே காரணம்.

பளையைச் சூழ்ந்த பச்சிலைப்பள்ளித் தென்னந்தோட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியர் திறக்கத் தொடங்கியவை. பின்னர் உள்ளூர்ச் செல்வர் கைக்கு வந்தன. தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். அதுவரை தோட்டக்காரனைத் தாங்குவது கடன். கொழும்பிலிருந்த ஆங்கிலேய வங்கிகளோ இலங்கையரை நம்பவில்லை. அவை செட்டிமாருக்குக் கொடுத்தன. செட்டிமார் அப்பணத்தையும் சேர்த்து மேல்வட்டிக்கு இலங்கையருக்குக் கொடுத்தனர். 1925 இல் பெரிய செட்டியார் கடையொன்று முறிந்ததும் வங்கிகள் கையை மூடிக்கொண்டன. நான்கே ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. கொப்பறா விலை விழுந்தது. தீவின் பல பாகங்களில் ஈடு வைத்த காணிகள் செட்டிமார் வசமாயின.

கோபம் எழுந்தது; நியாயமான கோபம்தான். ஆனால் பணம் எங்கிருந்து புறப்பட்டது என்று ஆராய்ந்தவர் சிலர். வாசலில் நின்றவனின் மொழியையும் ஊரையும் பார்த்தவர் பலர். கொழும்புத் தொழிலாளரைத் திரட்டிய ஏ. ஈ. குணசிங்கவே 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். 1935 இல் பிறந்த சமசமாஜக் கட்சி அவ்வெறியை எதிர்த்து நின்றது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். எனினும் 'அந்நியன்' என்ற சொல் தங்கிவிட்டது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியபோது அச்சொல்லே துணை நின்றது. ஆங்கிலேய வங்கிகளை எவரும் நாடு கடத்தவில்லை!

பொச்கானவாலா தலைமையில் 1934 இல் அமைந்த வங்கி ஆணைக்குழுவின் பயனாக 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. காணி உறுதி உடையவன் அதன் படியேறினான். தேங்காய் உரித்தவனிடம் ஈடு வைக்க என்ன இருந்தது? 1961 இல் இலங்கை வங்கி அரசுடைமையாயிற்று. அதே ஆண்டில் தொடங்கிய மக்கள் வங்கி கூட்டுறவுச் சங்கங்கள் வழியே கிராமம்வரை சென்றது. இதை நாம் சிறிதாக எண்ணவில்லை.

போர் 2009 இல் முடிந்தது. குண்டுகள் தலை கொய்த தென்னைகளும் முகமாலைக் கண்ணிவெடிகளும் அப்படியே கிடந்தன. புகையிரதம் பளைக்குத் திரும்ப 2014 ஆயிற்று. கடன் அத்தனை காலம் காத்திருக்கவில்லை. உறுதியும் வேண்டாம், ஈடும் வேண்டாம். அயலிலுள்ள பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும் என்று நுண்நிதிக் கோம்பனிகள் வன்னிக்கு வந்தன. கிழமைதோறும் தவணை. ஒருத்தி தவறினால் மற்றவர்கள் அவள் வீட்டு முற்றத்தில் கூட வேண்டும். ஒரு காலத்தில் கடைக்காரன் செய்த வேலையை இப்போது அயலவளே செய்கிறாள்.

பெண்கள் வீதிக்கு வந்தனர். 2018 இல் அரசு இறங்கியது: வரட்சி கண்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட, தவணை தவறிய பெண்களின் கடன்களைத் தீர்ப்பதாகவும், ஆண்டு வட்டிக்கு நூற்றுக்கு 35 என்று வரம்பிடுவதாகவும் அறிவித்தது. நூற்றுக்கு 35! செட்டியாரைப் பழித்த நாடு இதைச் சலுகை என்றது. கோம்பனிகள் வட்டியை விட்டன. முதலைத் திறைசேரி கொடுப்பதென்பது ஏற்பாடு. திறைசேரிப் பணம் எவருடையது? சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கொடுக்கும் அதே பெண்களுடையதும்தான்.

1930களில் வாசலில் நின்ற செட்டியார் ஏசப்பட்டார். இன்று ஏசப்படுபவன் மோட்டார் சைக்கிளில் தவணை தண்ட வரும் கிளிநொச்சி இளைஞன். குறித்த தொகையைத் தண்டாவிட்டால் அவன் வேலையும் நிலைக்காது. அந்த மோட்டார் சைக்கிளும் பெரும்பாலும் லீசிங் கடனில்தான் ஓடும்.