மூன்று வருஷ ஒப்பந்தம்

வெளிதேசத்துக்குப் போகிற பிள்ளைக்கு நம் வீடுகளில் நடக்கும் ஏற்பாடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஊறுகாய் ஜாடியைத் துணியில் சுற்றுவார்கள். கம்பளிச் சட்டையை நாலு பேர் தொட்டுப் பார்த்து, இது குளிர் தாங்குமா என்று சந்தேகப்படுவார்கள். தாயார் ஒரு தடவை சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வருவாள். போகிறவனுக்குக் காது கேட்காது, வாயும் பேச வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது என்ன ஏற்பாடு செய்வார்கள்? முக்கால்வாசி வீடுகளில் அவன் போகவே மாட்டான். அதுதான் ஏற்பாடு.

1816-ம் வருஷம் ஜூன் மாதம் 13-ந் தேதி பாரிஸ் நகரத்தில் அப்படிப்பட்ட ஒரு மனிதரின் பிரயாணத்துக்காக ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒரு தரப்பில் தாமஸ் காலடெட் என்ற அமெரிக்கப் பாதிரியார், வயது 28. மறு தரப்பில் லோரான் கிளேர் என்ற பிரெஞ்சுக்காரர், வயது 30. பிறவியிலேயோ, நினைவு தெரிவதற்கு முன்போ காது போனவர். ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு. தினம் ஆறு மணி நேரம் வேலை; சனிக்கிழமை மூன்று மணி; ஞாயிறும் பண்டிகை நாளும் அவருடைய சொந்த நாட்கள். போகிற செலவு, திரும்புகிற செலவு, சம்பளம் எல்லாம் எழுதியிருந்தது. அவர் கத்தோலிக்கர் என்பதால் அந்த மதத்துக்கு விரோதமாக எதையும் கற்பிக்கச் சொல்லக் கூடாது என்று ஒரு ஷரத்து கூட உண்டு. கல்யாணத்துக்கு நிச்சயதாம்பூலப் பத்திரிகை எழுதுகிற மாமாக்கள் கூட இவ்வளவு ஜாக்கிரதையாக எழுத மாட்டார்கள்.

கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று. கிளேர் படிக்கப் போகவில்லை. சொல்லிக் கொடுக்கப் போகிறார். படிக்க வந்தவர் காது நன்றாகக் கேட்கிற காலடெட்.

காலடெட் பாரிஸ் வந்து சேர்ந்த கதை ஒரு பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் ஆரம்பிக்கிறது. கனெக்டிகட் மாகாணத்தில் ஹார்ட்ஃபர்ட் என்ற ஊர். அங்கே மேஸன் காக்ஸ்வெல் என்ற டாக்டரின் பெண் ஆலிஸ், சின்ன வயதில் ஜுரம் கண்டு காது போனவள். 1814-ல், அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, காலடெட் ஒரு தொப்பியைக் காட்டி, அதன் பெயரை மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினார். குழந்தை புரிந்துகொண்டுவிட்டது. அதோடு மேலே என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு நிலையான பள்ளிக்கூடம் ஒன்று கூட இல்லை. டாக்டர் விசாரித்ததில் அந்த மாகாணத்திலேயே 84 காது கேளாதவர்கள் இருப்பது தெரிந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பணம் வசூலித்து, 1815 மே மாதம் காலடெட்டைக் கப்பல் ஏற்றினார்கள். ஐரோப்பாவில் போய் வித்தையைக் கற்றுக்கொண்டு வா என்றார்கள்.

இங்கிலாந்தில் அந்த வித்தை பிரெய்ட்வுட் என்ற ஒரு குடும்பத்தின் கையில் இருந்தது. அவர்களுக்கு அது குடும்பச் சொத்து. நம் ஊரில் பாம்புக்கடி மருந்து தெரிந்த கிழவர் பச்சிலையின் பெயரைச் சொல்லாமலே கண்ணை மூடுவாரே, அந்த ரகம். லண்டன் பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, மூன்று வருஷம் உதவி உபாத்தியாயராக உழைத்தால் பார்க்கலாம் என்றார்கள். எடின்பரோவுக்குப் போனார். அங்கே இருந்த உபாத்தியாயர் நல்ல மனிதர். ஆனால் ஏழு வருஷத்துக்கு இந்த முறையை யாருக்கும் சொல்லுவதில்லை என்று பிரெய்ட்வுட் குடும்பத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். கையில் இருந்த பணம் கரைய, காலடெட் மாதக்கணக்கில் அலைந்தார்.

லண்டனில் அவருக்கு ஒரு வாசல் திறந்தது. பாரிஸ் பள்ளிக்கூடத்தின் தலைவர் அபே ஸிகார், நெப்போலியன் எல்பாத் தீவிலிருந்து திரும்பி வந்த கலவர காலத்தில், லண்டனுக்கு வந்திருந்தார். கூட இரண்டு பழைய மாணவர்கள், இப்போது உபாத்தியாயர்கள்: ழான் மாஸ்யூ, லோரான் கிளேர். இரண்டு பேருக்கும் காது கேட்காது. சபையில் இருப்பவர்கள் என்ன கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். சைகையில் சொன்னால் அவர்கள் கரும்பலகையில் பதில் எழுதுவார்கள். சீமான்களும் சீமாட்டிகளும் வந்து கடவுளைப் பற்றிக் கேட்டார்கள், மனசைப் பற்றிக் கேட்டார்கள். வித்தை காட்டுகிற மாதிரி இவர்களை மேடையில் நிறுத்தினார்களே என்று எனக்கு வருத்தமுண்டு. ஆனால் அந்த மேடை இல்லாவிட்டால் காலடெட் அவர்களைப் பார்த்திருக்க மாட்டார். ஸிகார் பத்திரம் எதுவும் கேட்கவில்லை. பாரிஸுக்கு வாருங்கள், எல்லாம் கற்றுக்கொள்ளலாம் என்றார்.

1816 மார்ச்சில் காலடெட் பாரிஸ் போனார். தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் கிளேர்.

கிளேர் லியோன் நகரத்துக்கு அருகில் லா பால்ம் என்ற கிராமத்தில் 1785 டிசம்பரில் பிறந்தவர். தகப்பனார் ஊருக்கு மேயர். ஒரு வயதில் நாற்காலியிலிருந்து கணப்பு நெருப்பில் விழுந்து வலது கன்னத்தில் தழும்பு. பன்னிரண்டு வயது வரை எழுத்தறிவு கிடையாது. 1797-ல் மாமன் ஒருவர் பாரிஸ் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே ஓர் உபாத்தியாயர் அவரை வாய்விட்டுப் பேசவைக்கப் பார்த்தார். ஒரு நாள் உச்சரிப்பு வரவில்லை என்று மோவாயில் ஓங்கிக் குத்த, பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அன்று முதல் பேசுவதில்லை என்று வைராக்கியம். சாகிற வரையில் அதை விடவில்லை. கன்னத்துத் தழும்பே அவருக்குப் பெயராயிற்று. இரண்டு விரல்களைக் கன்னத்தில் தடவினால் 'கிளேர்' என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பாட்டி இருந்தாள், என் பாட்டியின் தங்கை. காது கேட்காது. மூக்குத்தி இருக்கிற இடத்தைத் தொட்டால் பெரியம்மா. மீசையை முறுக்கினால் தாத்தா. உள்ளங்கையில் ஊதினால் காபி ஆறிப்போயிற்று. குழந்தைகளான எங்களுக்கு அது தாய்பாஷை மாதிரி. ஆனால் பாட்டி எதிர் வீட்டுக்குப் போனால் அந்த பாஷை செல்லாது. அங்கே அவள் வெறும் ஊமை. அறுபத்து மூன்று வருஷம் அந்த வாசற்படிக்குள்ளேயே பேசி முடித்துவிட்டுப் போனாள். பாரிஸ் பள்ளிக்கூடம் செய்த பெரிய காரியம் என்னவென்று எனக்கு விளங்கியது இவளை நினைத்தபோதுதான். வெவ்வேறு வாசற்படிகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடி, ஒரு பொது பாஷையைப் புழங்கினார்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் அந்த பாஷையை முழுக்கக் கற்றுவிட முடியாது என்று காலடெட்டுக்குத் தெரிந்துவிட்டது. பணமும் தீர்ந்தது, வீட்டு ஞாபகமும் வாட்டியது. நீங்களே என்னுடன் வந்துவிடுங்களேன் என்று கிளேரைக் கேட்டார். கிளேர் உடனே சம்மதித்தார். சில வருஷம் முன்பு ருஷ்யாவில் பள்ளிக்கூடம் வைக்க அவரை அனுப்புவதாகப் பேச்சு நடந்து, பணம் போதாமல் நின்றுபோயிருந்தது. அந்த ஏமாற்றம் மனசில் இருந்திருக்க வேண்டும். ஸிகாருக்கு நல்ல உபாத்தியாயரை விட மனமில்லை, கடைசியில் இணங்கினார். கிராமத்துக்குப் போய் விடைபெற்றபோது தாயாரும் போகாதே என்றுதான் சொன்னாள். அவளைச் சமாதானம் செய்துவிட்டுத்தான் அவர் பாரிஸ் திரும்பினார்.

ஜூன் 18-ந் தேதி ஹாவர் துறைமுகத்தில் 'மேரி அகஸ்டா' என்ற கப்பல் புறப்பட்டது. நியூயார்க் சேர 52 நாள். கிளேருக்கு இங்கிலீஷ் ஏறக்குறைய தெரியாது. கப்பலில் அவர் காலடெட்டுக்குச் சைகை சொல்லிக் கொடுத்தார். காலடெட் அவருக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். பயிற்சிக்காகக் கிளேர் தினமும் இங்கிலீஷிலேயே டைரி எழுதினார். காலடெட் அதைத் திருத்தினார். காற்றில்லாமல் கப்பல் நின்ற நாட்களில் கூட அந்தப் பாடம் நிற்கவில்லை. இரண்டு குருமார், இரண்டு சிஷ்யர்கள், ஆக மொத்தம் இரண்டே பேர்!

ஹார்ட்ஃபர்ட் வந்ததும் ஆலிஸைப் பார்த்தார். அவளைப் போல் வளர்ந்து, படித்து, உபாத்தியாயரும் ஆன ஒருவரை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்திப்பைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதலாம் என்று கை துருதுருக்கிறது. ஆனால் நடந்ததை விட்டுக் கற்பனைக்குப் போக வேண்டியிருக்கும். விட்டுவிடுகிறேன்.

பிறகு ஊர் ஊராக வசூல். பாஸ்டன், ஆல்பனி, பிலடெல்பியா. புதிதாகக் கற்ற இங்கிலீஷில் கிளேர் பிரசங்கம் எழுதுவார், காலடெட் படிப்பார். கேள்விகளுக்குக் கிளேர் எழுதிப் பதில் சொல்வார். ஜனங்கள் 12,000 டாலர் கொடுத்தார்கள். மாகாண சபை 5,000. 1817 ஏப்ரல் 15-ந் தேதி ஏழு பேருடன் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் மாணவி ஆலிஸ். வந்து சேர்ந்தவர்களில் ஜான் ப்ரூஸ்டர் என்ற சித்திரக்காரரும் ஒருவர், பல குடும்பங்களின் முகங்களை எழுதிப் பெயர் வாங்கியவர், வயது 51. அந்த வயதில் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மார்த்தாஸ் வினியர்ட் என்று ஒரு தீவு. அங்கே காது கேளாதவர்கள் அதிகமாகையால், கேட்கிறவர்களும் சைகையில் பேசுவது வழக்கம். அங்கிருந்து வந்த பிள்ளைகள் தங்கள் சைகைகளைக் கொண்டு வந்தார்கள். மற்றப் பிள்ளைகள் தத்தம் வீட்டுச் சைகைகளைக் கொண்டு வந்தார்கள். கிளேரின் பிரெஞ்சுச் சைகையுடன் எல்லாம் கலந்து அமெரிக்கச் சைகை மொழி உருவாயிற்று. அதனால்தான் அமெரிக்கரும் இங்கிலீஷ்காரரும் வாயால் பேசுவது ஒரே பாஷையாக இருந்தும், கையால் பேசுவது ஒன்றுக்கொன்று விளங்காது. பிரெய்ட்வுட் குடும்பம் பத்திரம் எழுதி வாங்காமல் இருந்தால் ஒருவேளை விளங்கியிருக்கும்.

மூன்று வருஷம் 1819-ல் முடிந்தது. அதற்குள் இலைசா போர்ட்மன் என்ற மாணவியைக் கிளேர் மணந்துகொண்டார். அவளுக்கும் காது கேட்காது. இரண்டு பேருமே அப்படியிருந்தால் சம்சாரம் எப்படி நடக்கும் என்று காலடெட் முதலில் தடுத்துப் பார்த்தார். இரண்டு வருஷம் கழித்து அவரே சோஃபியா ஃபௌலர் என்ற காது கேளாத மாணவியை மணந்தார்! கிளேருக்குப் பிறந்த ஆறு குழந்தைகளுக்கும் காது கேட்டது. மதத்தைக் காப்பாற்ற எழுதிய ஷரத்தும் வீணாயிற்று. பின்னாளில் அவரே ப்ராட்டஸ்டண்டு சபையில் சேர்ந்துவிட்டார். பிரான்சுக்கு 1820-லும், 1835-லும், 1846-லும் போய் வந்தார். மூன்று தடவையும் திரும்பி வந்தது ஹார்ட்ஃபர்டுக்கு. 1858 வரை வேலை பார்த்தார். 1864-ல் காலடெட்டின் கடைசி மகன் வாஷிங்டனில் காது கேளாதவர்களுக்காகக் கல்லூரி ஏற்படுத்தியபோது, 78 வயதுக் கிளேர் விழாவுக்குப் போனார். 1869 ஜூலையில் காலமானார்.

பாரிஸில் என்ன ஆயிற்று? 1822-ல் ஸிகார் இறந்தார். மாஸ்யூவைத் தலைவராக்கவில்லை, அவர் பாரிஸை விட்டே போக நேர்ந்தது. போகாமல் இருந்திருந்தால் கிளேருக்கும் அதே கதிதான் என்று நினைக்கிறேன். 1880-ல் மிலான் நகரத்தில் உபாத்தியாயர்கள் மாநாடு கூடி, சைகை கூடாது, வாய்ப்பேச்சு ஒன்றுதான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். வந்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட பிரதிநிதிகளில் ஒரே ஒருவருக்குத்தான் காது கேட்காது. எதிர்த்துக் கை தூக்கியவர்களில் காலடெட்டின் இரண்டு பிள்ளைகளும் உண்டு, பலிக்கவில்லை. கிளேர் படித்த பாரிஸ் பள்ளிக்கூடத்திலேயே சைகைக்குத் தடை வந்தது. பிள்ளைகள் உபாத்தியாயர் பார்க்காத நேரத்தில், படுக்கும் அறையில், விளையாடுகிற இடத்தில் அதைத் திருட்டுத்தனமாகப் பேசி வளர்த்தார்கள்.

1975-ல் உலகக் காது கேளாதோர் மாநாடு வாஷிங்டனில் நடந்தது. பிரான்சிலிருந்தும் ஒரு கோஷ்டி போயிருந்தது. வாஷிங்டன் கல்லூரியில் சரித்திரமும் கணிதமும் கையாலேயே கற்பிப்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் கண்டார்கள். அடுத்த சில வருஷங்களில், கோடை விடுமுறையில், பிரான்சிலிருந்து காது கேளாதவர்கள் கோஷ்டி கோஷ்டியாக அங்கே கற்கப் போனார்கள். பல சைகைகள் அவர்களுக்கு முன்பே தெரிந்தவையாக இருந்தன.