மறைத்த அறிவும் மலடிப் பட்டமும்

வரலாறு கற்பிக்கும் நமக்கு ஆணின் இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றி எழுத என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். உறுப்பைப் பற்றிய அறிவுக்கு வரலாறு உண்டு. அதைப் பற்றி உலவிய பொய்க்கும் வரலாறு உண்டு. அந்தப் பொய்யின் சுமையைத் தாங்கியவள் பெண். ஆகவே எழுதுகிறோம்.

மனுநூல் பெண்ணை நிலம் என்றது; ஆணை விதை என்றது. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலும், உருவம் தருவது ஆணின் வித்து, பெண் தருவது வெறும் பொருள் என்றே கருதினார். இந்த உவமை செய்த கேடு என்ன? பயிர் விளையாவிட்டால் பழி நிலத்தின்மேல்! விதையைச் சோதிக்க எவரும் முன்வரவில்லை. மலடன் என்ற சொல் அகராதியில் உறங்குகிறது. மலடி என்ற சொல்லோ தெருவெல்லாம் திரிகிறது.

விதையைச் சோதிக்கத் துணிந்தவர்கள் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த இருவர். விந்தகம் வெறும் சதைக்கட்டி அன்று, நுண்குழாய்களின் சுருள் என்று 1668இல் நூல் எழுதினார் மருத்துவர் டி கிராஃப். 1677இல், துணி வணிகரான லேவன்ஹூக், தாமே செய்த உருப்பெருக்கியில் விந்தணுக்கள் வாலசைத்து நீந்தக் கண்டார். கற்றோர்க்கு அருவருப்பாகத் தோன்றின் வெளியிட வேண்டா என்ற குறிப்போடுதான் அதை லண்டன் அரச கழகத்துக்கு எழுதினார். நாணம் அவருக்கும் இருந்தது, எனினும் எழுதினார்!

ஆணின் செருக்கு அப்போதும் அடங்கவில்லை. விந்தணுவின் தலைக்குள் குட்டி மனிதன் குந்தியிருப்பதாக 1694இல் ஹார்ட்சூக்கர் படம் வரைந்தார். 1876இல் ஜெர்மானியரான ஹெர்ட்விக், கடல் முள்ளெலியின் முட்டையில் இரு உட்கருக்கள் ஒன்றாவதைக் கண்டார். ஒன்று தாயுடையது, மற்றொன்று தந்தையுடையது. அன்றே நிலம், விதை என்ற உவமை செத்தது. 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் அறிஞர், பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்ப்பது விந்தணுவே என்று புழுவண்டுகளை ஆராய்ந்து காட்டினார். மனிதருக்கும் அதுவே உண்மை. பெண் பெற்றாள் என்று மருமகளைத் தூற்றும் மாமியார் தூற்ற வேண்டியது யாரை?

இந்த அறிவு தமிழுக்கு எட்டாததா? நம் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியிலேயே மருத்துவப் பள்ளி இருந்தது. பாடம் பிரெஞ்சு மொழியில். 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது, 1964இல் அது ஜிப்மர் ஆயிற்று, பாடம் ஆங்கிலத்தில். ஆனால் கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்கரான சாமுவேல் கிறீன் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற உறுப்பியல் நூல் 1872இல் அங்கிருந்து தமிழில் வந்துவிட்டது. தமிழால் முடியும் என்று அயலார் காட்டியதைத் தமிழர் மறந்தோம்!

அந்த அறிவு கூறுவது என்ன? விந்தகங்கள் வயிற்றுக்கு வெளியே தொங்குவது, உடலைவிட இரண்டு மூன்று பாகை குறைந்த வெப்பத்தில் விந்தணு உருவாவதற்காக. அது உருவாக ஏறத்தாழ 70 நாள் ஆகும். பிறகு சுமார் 6 மீட்டர் நீளச் சுருள் நாளத்தில் முதிர்ந்து, விந்துநாளம் வழியே செல்கிறது. வெளிவரும் நீரில் பெரும்பகுதி விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரப்பதே. விந்தணு மிகச் சிறு பங்கு. பல சொட்டுக் குருதி ஒரு சொட்டு விந்தாகிறது என்று அச்சுறுத்தி, இளைஞனின் காசைப் பறிக்கும் போலி வைத்தியத்துக்கு இதில் இடம் எங்கே? குழந்தையில்லாத இணையர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறையும் பங்கு பெறுகிறது. சோதனை எளிது, செல்லத்தான் கணவன் கூசுகிறான்.

அந்தக் கூச்சத்தின் விலையையும் காண்க. விந்துநாளத்தைக் கட்டுவது சில நிமிட வேலை. பெண்ணுக்குச் செய்வதோ வயிற்றைத் திறக்கும் அறுவை. ஆயினும் 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட இணையரோ 100க்கு ஒன்றுகூட இல்லை!

இப்பாடம் வரும்போது, “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைப் புரட்டும் ஆசிரியர் பலர். மாணவராய் இருந்தபோது நமக்கும் அப்படியே புரட்டப்பட்டது. புரட்டிய பக்கத்தில் இருந்தது ஆபாசம் அன்று. எங்கோ ஒரு வீட்டில் மலடி என்று பழிக்கப்படும் பெண்ணின் விடுதலை. இளைஞர்களே, அந்தப் பக்கத்தைத் திறந்து உரக்கப் படியுங்கள்!